மீனம்மா சொன்ன படம்

ஆடுமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில், மீனம்மா ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால்தான் மற்றவர்களும் அந்தப் படத்தைப் பார்த்ததாகக் கணக்கு. அட்டன் தியேட்டர் ஒன்றும் எட்டாத தூரத்தில் இல்லை. குறுக்குப் பாதையில் இறங்கி, பாலத்தைத் தாண்டி பஸ் பிடித்தால் மெட்னி பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஆனால் வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதில்தான் துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பேன் பார்க்க வேண்டும். எல்லாரும் புறப்பட்டுவிட முடியுமா? அதனால் ஒருத்தி போவாள். திங்கட்கிழமை காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறி, கூடையைத் தலையில் மாட்டிச் செடி நிரையில் இறங்கிய கையோடு படத்தைச் சொல்லத் தொடங்குவாள். கைகள் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும், காதுகள் படம் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த ஒருத்தி எப்போதும் மீனம்மாதான். ஒரு தடவை, லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் இருந்த ராக்காயி ஆசைப்பட்டாள் என்று அவளை அனுப்பிப் பார்த்தார்கள். அவள் எடுத்த எடுப்பிலேயே கதாநாயகன் செத்ததைச் சொல்லிவிட்டு, பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனதைச் சொன்னாள். பாட்டு எத்தனை என்று கேட்டதற்கு நிறைய என்றாள். அதோடு அவளுக்கு அந்த உத்தியோகம் போயிற்று. மீனம்மா அப்படியா? கதாநாயகி அழுதால் இவளுக்கும் மூக்கு ஒழுகும். வில்லன் வந்தால், வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை நடக்கிற மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாலு எட்டு வைத்துக் காட்டுவாள். நிஜக் கணக்கப்பிள்ளையின் தொப்பி மேட்டில் தெரிந்ததும் கை தானாகக் கொழுந்துக்குப் போய்விடும். படம் எப்படி என்று கேட்டதற்கு அவள் உதட்டைப் பிதுக்கினால், அந்தப் படம் அட்டனில் நூறு நாள் ஓடினாலும் மேற்கணக்கில் ஓடாது.

துணைக்குப் போகிறவன் அவள் புருஷன் இராமையா. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், வாரம் முழுக்கக் கத்தி பிடித்த அலுப்பு. தியேட்டரில் விளக்கு அணைந்தால் அவனும் அணைந்துவிடுவான். கலரிப் பெஞ்சில் மூட்டைப்பூச்சி பிடுங்கினாலும் எழுந்ததில்லை. வெளியே வந்து நல்ல படம் என்பான். அவனுக்கு எல்லாமே நல்ல படம்தான்.

மேற்கணக்கில் பேர்போன வாய் இன்னொன்றும் இருந்தது. பழனியாண்டிக்குத் தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. லயத்தில் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, காது பக்கம் ஒடிந்து நூல் கட்டிய கண்ணாடியை மூக்கில் ஏற்றி, உரக்கப் படிப்பார். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நிற்பார்கள். மேற்கணக்குக்கு வெளியுலகம் வந்து சேர்ந்தது அந்த மனிதரின் மூக்குக் குரல் வழியாகத்தான்.

படிக்கிறதில் கொஞ்சம் உப்புக்காரம் சேர்ப்பார், அது எல்லாருக்கும் தெரியும். பட்டிப்பொலப் பக்கம் ஒரு சிறுத்தை மாட்டை அடித்தது என்று பத்திரிகையில் இருந்தால், பழனியாண்டி வாயில் அது சோடியாக வந்து, ஸ்டேஷனுக்குள் புகுந்து, டிக்கெட் கொடுக்கிறவரின் சாப்பாட்டையும் தின்றுவிட்டுப் போகும். யாரும் குறை சொன்னதில்லை. சிறுத்தை ஒன்றானால் என்ன, இரண்டானால் என்ன? ஆனால் சம்பளம், சட்டம், சாவு, இந்த மூன்றிலும் அவர் கை வைக்க மாட்டார். அப்படிச் சேதி வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுத்தெழுத்தாக, மெதுவாகப் படிப்பார். துடைத்துவிட்டுப் படித்தால் அது உள்ளபடி உள்ளது. அதைக் கவனித்தவள் மீனம்மா ஒருத்திதான். பிறத்தியார் நடை உடை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணும் வாயும் சேர்ந்துதான் பிறகு வினையாக வந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருஷம், ஆனி மாதம். அட்டனுக்குப் புதுப் படம் ஒன்று வந்தது. பத்திரிகைக்காரர்களைக் கிண்டல் பண்ணுகிற படம். பத்திரிகை விற்கவில்லை என்று முதலாளி கத்துகிறார். இரண்டு நிருபர்கள், ஊரில் இல்லாத ஒரு திருடனை உண்டாக்கி எழுதிவிடுகிறார்கள். பத்திரிகை பறக்கிறது. நகை போகாதவளெல்லாம் நகை போயிற்று என்கிறாள். போலீஸ் தேடுகிறது. கடைசியில் ஒரு சோப்ளாங்கி வந்து, அந்தத் திருடன் நான்தான், எனக்கும் பத்திரிகையில் படம் போடுங்கள் என்று நிற்கிறான். பின்னால் நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிளாக்கர்மார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெளியே வரும்போது குடை வைத்திருந்த ஒரு பெரியவர், இதுதான் இன்றைக்கு நாட்டு நடப்பு என்றார். கடை வைத்திருப்பவர் போலிருந்த இன்னொருவர், சண்டையும் இல்லை, சாமியும் இல்லை, இதுவும் ஒரு படமா என்று வெற்றிலையைத் துப்பினார். இராமையா நல்ல படம் என்றான்.

மீனம்மாவுக்குப் படம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் மலையில் சொல்லும்போது கொழுந்து நனைந்த மாதிரி சவசவ என்று போயிற்று. பத்திரிகை ஆபிஸ் என்றால் என்ன மாதிரி இருக்கும் என்று வீரம்மா கேட்டாள். டெலிபோனில் பொய் சொல்வதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. டைப் அடிக்கிறதை நடித்துக் காட்டியபோது, ராக்காயி அதைக் கோழிக்கு அரிசி போடுவது என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கும்போது, போன படமே தேவலாம் என்று வீரம்மா சொன்னது மீனம்மா காதில் விழுந்தது. அவ்வளவுதான், அவளுக்குப் பொறுக்கவில்லை. வேறு பெருமை என்ன இருந்தது அவளுக்கு? இருந்தது அந்த வாய் ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை நிரையில் இறங்கியதுமே, முக்கியமான ஒரு சீனை நேற்று மறந்துவிட்டதாகச் சொன்னாள். அந்தப் பொய்ப் பத்திரிகை ஒரு கிராமத்துக்குப் போகிறதாம். அங்கே படிக்கத் தெரிந்தவன் ஒரே ஒருத்தன். நூல் கட்டிய கண்ணாடி, மூக்குக் குரல். இதற்குள்ளேயே இரண்டு பேர் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவன் கல்லில் உட்கார்ந்து, மிராசுதார் காலமானார் என்று படிக்கிறான். ஊரே மாரில் அடித்துக்கொண்டு அழுகிறது. மறுநாள் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது மிராசுதாரே வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். படிக்கிறவன் என்ன செய்கிறான்? கண்ணாடியைக் கழற்றுகிறான். வேட்டி நுனியில் துடைக்கிறான். மாட்டிக்கொள்கிறான். பத்திரிகையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படிக்கிறான்.

"நேத்து செத்தவரு இன்னைக்குச் சௌக்கியமுங்க."

அவ்வளவுதான். வீரம்மாவின் கூடை சரிந்து கொழுந்து கொட்டியது. ராக்காயி தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கணக்கப்பிள்ளை மேட்டிலிருந்து கத்தினார், அதற்கும் சிரித்தார்கள். மீனம்மாவுக்குத் தலை கால் புரியவில்லை. இப்படி ஒரு சிரிப்பை அவள் எந்தப் படத்துக்கும் வாங்கியதில்லை.

ஒரு வாரத்தில் அந்தப் பேச்சு மேற்கணக்கு முழுக்கப் பரவிற்று. காலையில் காய்ச்சல் என்று படுத்தவன் மத்தியானம் எழுந்தால், நேத்து செத்தவரு இன்னைக்குச் சௌக்கியமுங்க. கொழுந்து நிறுவையில் இறங்கி மறுநாள் ஏறினால் அதற்கும் அதே. செல்லசாமிக் கங்காணி, அந்த நடிகனின் மூக்குக் குரலுக்கே காசு கொடுக்கலாம் என்று அபிப்பிராயம் சொன்னார். ராக்காயி, அந்தச் சீன் மட்டும் இல்லாவிட்டால் படம் ஒரு நாள் தாங்காது என்றாள். இத்தனைக்கும் படத்தைப் பார்த்தவள் அங்கே மீனம்மா ஒருத்திதான். கூடப் போனவன் தூங்கிவிட்டான். பார்க்காத படத்தைப் பற்றிச் சொல்லுகிற அபிப்பிராயத்துக்கு எப்போதும் உறுதி கொஞ்சம் கூடுதல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்து குறுக்குப் பாதை மூடிப்போயிற்று, பாலமும் போயிற்று. பாதை திறப்பதற்குள் படம் அட்டனை விட்டே போய்விட்டது.

பழனியாண்டிக்கும் விஷயம் எட்டியது. ஸ்டோருக்குக் கொழுந்துச் சாக்கு கொண்டுவருகிற பையன்கள் அவரைக் கண்டாலே மூக்கால் பேசினார்கள். ஒருநாள் மீனம்மாவை வழியில் மறித்து, படத்தில் நிஜமாகவே அப்படி ஒருத்தன் வருகிறானா என்று கேட்டார். அப்போதாவது அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாண்ணே, அச்சு அசல் நீங்கதான்" என்றாள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஆடி பிறந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், சிலோனுக்குச் சுதந்திரம் வந்த கையோடு ஒரு சட்டம் வந்து, இங்கேயே பிறந்து இங்கேயே கூடை தூக்கினவர்களைப் பார்த்து நீ எந்த நாட்டு ஆள் என்று கேட்டிருந்தது. பிரஜா உரிமை வேண்டுமானால் மனுப் போட வேண்டும் என்று அடுத்த சட்டம் சொன்னது. பிறந்த மண்ணில் இருக்க மனுவா என்று தொழிலாளர் சங்கத்துக்குக் கோபம், நியாயமான கோபம். யாரும் மனுப் போடாதீர்கள் என்றார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவர் ஆண்டியப்பன் லயம் லயமாக வந்து அதையே சொல்லிவிட்டு, தம்பி கல்யாணத்துக்காக ஆனியில் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். அவர் போன பிறகு நிலைமை மாறிற்று. தவணை முடியப்போகிறது, எல்லாரும் மனுப் போட்டுவிடுங்கள் என்று சங்கமே சொல்லிற்று. கீழ்க்கணக்கில் ஆபிஸ் இருந்தது, தார் ரோடும் இருந்தது. அவர்களுக்குச் சேதி எட்டிவிட்டது. மேற்கணக்குக்கும் அவர்களுக்கும் நடுவில் மண் சரிந்து கிடந்தது.

பழனியாண்டி அந்தச் சனிக்கிழமை கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, அடுத்த தோட்டத்து மலையைச் சுற்றி அட்டைக்கடியோடு நடந்து டவுனுக்குப் போய்ப் பத்திரிகை வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மழை தூறியது. லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் எல்லாரும் ஒதுங்கி நின்றிருந்தார்கள். அவர் வந்து நின்றார். சிறுத்தையும் இல்லை, சினிமாவும் இல்லை. நேரே கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

கும்பலில் ஒரு சிரிப்பு கிளம்பிற்று. அவர் காதில் வாங்காமல் எழுத்தெழுத்தாகப் படித்தார். இதுவரை வேண்டாம் என்றவர்களே இப்போது மனுப் போடச் சொல்கிறார்கள், இந்த மாதம் முடிவதற்குள்ளேயே தவணை முடிகிறது, அதற்குப் பிறகு போட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அதில் இருந்தது. படித்து முடித்து நிமிர்ந்தார். எங்கிருந்தோ ஒரு மூக்குக் குரல் வந்தது.

"நேத்து செத்தவரு இன்னைக்குச் சௌக்கியமுங்க."

லயம் அதிர்ந்தது. செல்லசாமிக் கங்காணி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் குரல் மீனம்மாவுடையது இல்லை. யாருடையது என்று பிறகு எத்தனையோ முறை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவளும் சிரித்தாள். தான் செய்த பலகாரத்தை ஊரே தின்று மெச்சும்போது யாருக்குத்தான் பெருமை இராது? பழனியாண்டி மறுபடி படிக்க வாயெடுத்தார். சிரிப்பு அடங்குகிற மாதிரி இல்லை. பத்திரிகையை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு அவர் காம்பராவுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு மீனம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயது மகன் கணேசமூர்த்தி அடுப்போரம் குளிர்காய்ந்துகொண்டிருந்தான். இராமையா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். படத்தில் தூங்குகிற மனுஷன், நிஜத்தில் சில சமயம் விழித்துக்கொள்வான்.

"ஒருவேள நெசமா இருக்குமோ புள்ள? நாளைக்குப் பழனியாண்டி அண்ணன் டவுனுக்குப் போறாராம். நானும் கூடப் போயி எழுதிப் போட்டுட்டு வந்துறட்டா?"

மீனம்மாவுக்குத் தெரியும். துடைத்துவிட்டுப் படித்தால் அது உள்ளபடி உள்ளது என்று மேற்கணக்கில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தும், அந்த நேரத்தில் நாக்கு நுனியில் வந்து நின்றது அந்த விளையாட்டுத்தான். மாவுக் கையால் இல்லாத கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு அந்தப் பேச்சைச் சொன்னாள். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். இராமையாவும் சிரித்தான். பிறகு, அதுவும் சரிதான், தலைவர் வந்து சொல்லட்டும் என்று ரொட்டியைப் பிட்டுக்கொண்டான்.

பழனியாண்டி மறுநாள் தனியாகத்தான் போனார். மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலையோரமாக அவர் இறங்கிப் போவதை நிரையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். அவரைப் பார்த்து மூக்கால் கூப்பிட்டவர்களும் உண்டு.

ஆண்டியப்பன் வந்து சேர்ந்தபோது தவணை முடிந்து போயிருந்தது. கீழ்க்கணக்கு முழுக்க மனுப் போட்டிருக்க, மேற்கணக்கில் ஒரே ஒரு மனுதான் போயிருக்கிறது என்று கேட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார். நேரே பழனியாண்டியிடம் போய், பத்திரிகை படிக்கிற நீங்களாவது இவர்களுக்குச் சொல்லக் கூடாதா என்று சத்தம் போட்டார். பழனியாண்டி கேட்டுக்கொண்டு நின்றார். லயத்துச் சனம் அவரவர் காம்பராவுக்குள் போய்விட்டது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீலிக் கல்லில் யாரும் உட்காரவில்லை. அவர் பத்திரிகை வாங்குவதை விடவில்லை. காம்பராவுக்குள் விளக்கடியில் வாயசைக்காமல் படித்துக்கொண்டார். குடத்தோடு வந்த பெண்கள் குடத்தோடு போனார்கள்.

விசாரணை, சாட்சி, அலைச்சல் என்று வருஷக்கணக்கில் இழுத்தடித்துப் பழனியாண்டிக்குப் பிரஜா உரிமை கிடைத்தது. அதையும் சிலர் பொறாமையோடு பேசினார்கள். மீனம்மா பேசவில்லை. அவரைக் கண்டால் வேறு பாதையில் போய்விடுவாள். சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை அவர் காம்பரா வாசல்வரை போயிருக்கிறாள். போய், உப்பு இருக்கிறதா என்று அவர் பெண்சாதியிடம் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். மலையில் படம் சொல்வது மட்டும் நிற்கவில்லை. ஆனால் எந்தப் படத்தைச் சொன்னாலும் முடிவில் யாராவது, அந்தப் பேப்பர்காரன் படம் மாதிரி வராது என்பார்கள். அவளுக்குக் கூடை கனக்கும்.

கணேசமூர்த்தி நன்றாகப் படித்தான். மேற்கணக்கிலிருந்து எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிய முதல் பிள்ளை அவன்தான். தபால் கந்தோர் வேலைக்கு எழுதிப் போட்டான். கூப்பிட்டும் அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனவனிடம் பிரஜா உரிமை உண்டா என்று கேட்டார்கள். இல்லையென்றதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தான். ஏன் நாம் மனுப் போடவில்லை என்று தகப்பனிடம் ஒரே ஒரு தடவை கேட்டான். இராமையா பெண்சாதி முகத்தைப் பார்த்தான். அப்போது தலைவர் ஊரில் இல்லை தம்பி என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். அந்த மனுஷன் அன்றைக்குக் காட்டிக்கொடுக்காமல் விட்டதுதான் மீனம்மாவை உள்ளுக்குள் அரித்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். பையன் பூண்டுலோயாவில் ஒரு மளிகைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தான்.

பிறகு ஒப்பந்தம் வந்தது. இந்தியா, சிலோன் என்று இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அறுபத்தைந்தாம் வருஷத் தீபாவளிக்கு வந்த கணேசமூர்த்தி, இங்கே நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, இந்தியாவுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றான். இராமையா, புள்ளை போகிற இடத்துக்குப் போகவேண்டியதுதான் என்றான். மீனம்மா பிறந்த காம்பரா அதே லயத்தில் நாலு கதவு தள்ளி இருந்தது. இந்தியா எந்தப் பக்கம் என்று கேட்டால் அவளுக்குக் கை காட்டத் தெரியாது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தடுக்க எந்த முகத்தோடு பேசுவாள்?

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பழைய படம் மறுபடி அட்டனுக்கு வந்தது. லயமே துள்ளிக் குதித்தது. ராக்காயி தலை நரைத்துப் பல் விழுந்தவள். நீயும் போகப்போகிறாய், எல்லாருமாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று மீனம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தும் விடவில்லை. கங்காணி, வீரம்மா, இளவட்டங்கள் என்று ஒரு பஸ்ஸே நிறைந்தது. கடைசியாகக் கம்பளிச் சட்டையும் கழுத்துத் துண்டுமாக ஏறியவரைப் பார்த்து மீனம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழனியாண்டி படம் பார்க்கப் போவதை அதுவரை யாரும் கண்டதில்லை.

படம் ஓடியது. நிருபர்கள் பொய் எழுதினார்கள், போலீஸ் ஓடியது, சோப்ளாங்கி வந்து நின்றான். மேற்கணக்குச் சனம் சிரிக்கவில்லை. அந்தச் சீன் வரட்டும் என்று காத்திருந்தார்கள். இப்போது வரும், இதற்கடுத்து வரும் என்று ராக்காயி இடித்துக்கொண்டே இருந்தாள். திரையில் முடிவு எழுத்து விழுந்து விளக்கும் எரிந்தது.

வெளியே வந்ததும் ஒரே சத்தம். நல்ல சீனை வெட்டிவிட்டார்களே என்று வீரம்மாவுக்கு ஆத்திரம். பழைய படம் என்றால் இப்படித்தான் கண்ட இடத்தில் வெட்டி ஓட்டி ஏமாற்றுவார்கள் என்றார்கள் இளவட்டங்கள். டிக்கெட் கிழிக்கிறவர் இதுதான் முழுப் படம் என்று சத்தியம் பண்ணினார். செல்லசாமிக் கங்காணி விடவில்லை. ஐம்பத்தொன்றில் இதே தியேட்டரில் இந்தக் கண்ணால் பார்த்தவன் நான், எனக்கா சொல்கிறாய் என்று சண்டைக்குப் போனார். அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததாகவே அவர் நம்பிக்கொண்டிருந்தார். அங்கே நின்ற எல்லாரும் அப்படித்தான்.

பழனியாண்டி சற்றுத் தள்ளி நின்றிருந்தார். "என்னையத்தான் வெட்டிட்டாங்க போலருக்கு" என்று சிரிக்கப் பார்த்தார். அந்த முகத்தை மீனம்மா பார்த்தாள். இத்தனை வருஷம் வாசல்வரை போய்த் திரும்பிய பேச்சு அப்போது தானாக வெளியே வந்துவிட்டது.

"யாரும் வெட்டலீங்க. அது படத்துலயே இல்ல. மலையில நின்னு நானாக் கட்டிச் சொன்னது. அண்ணனைப் பார்த்துத்தான் கட்டுனேன்."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பிறகு ராக்காயி இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பல்லில்லாத வாயால், "நேத்து செத்தவரு இன்னைக்குச் சௌக்கியமுங்க" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மீனம்மா இந்த வயதிலும் கதை விடுகிறாள் என்றார் கங்காணி. நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னாள். சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடிற்றே தவிர, ஒருத்தரும் நம்பவில்லை. அன்றைக்கு இஸ்தோப்பில் அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அவளுக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது.

சிரிக்காதவர் பழனியாண்டி ஒருவர்தான். பஸ்ஸுக்காக எல்லாரும் எதிர்ப்பக்கம் போன பிறகு அவர் மீனம்மாவிடம் வந்தார். நிஜமாகவா என்று கேட்டார். நெசந்தாண்ணே என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, துண்டு நுனியில் துடைத்தார். மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்றத நான் நம்புறேன் புள்ள. மெட்ராஸ்ல எவனோ என்னைய மாதிரி ஆளுகளைப் பார்த்துப் படம் எடுத்துட்டான், சிலோன் பூராவும் பேப்பர் படிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்குது, இனி வாயத் தொறக்கக் கூடாதுன்னு நெனச்சுட்டேன். நம்ம லயம் மட்டுந்தான் சிரிச்சுச்சுன்னு தெரிஞ்சிருந்தா, மறுநாளு ஒவ்வொரு காம்பராவா கதவத் தட்டிப் படிச்சிருப்பேனே."

கோபம் இல்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருக்கலாம்.

பஸ் வந்தது. அவர் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். மீனம்மா பின்னால் ராக்காயி பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் அட்டன் டவுனைத் தாண்டித் தேயிலைக்குள் நுழைந்ததும், வெட்டின சீனை நினைத்து நினைத்து மனசு ஆறாத ராக்காயி அவள் தோளைத் தொட்டாள்.

"நீயும் போயிருவ. இனி யாரு சொல்லப்போறா? அந்தச் சீன ஒருவாட்டி சொல்லு புள்ள."

முன் இருக்கையில் பழனியாண்டியின் தலை லேசாகத் திரும்பியது. மீனம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் யாருக்கும் படம் சொன்னதில்லை.